கூலிக்கு எடுத்த ஒட்டகம்

பயணம் வேதனையின் ஒரு துண்டு என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை நாம் அறிவோம். உணவையும் நீரையும் உறக்கத்தையும் அது மனிதனுக்குத் தடுத்துவிடும். ஆகவே போன காரியம் முடிந்ததும் வீட்டாரிடம் விரைந்து திரும்புக என்பது அவ்வறிவுரையின் சாரம். முப்பது ஆண்டுகளாக இந்த நபிமொழியை மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். ஒட்டகமும் பாலைவனமும் வழிப்பறியும் நிறைந்திருந்த காலத்தை வைத்து அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றும், ஆகாயத்தில் அமர்ந்தபடி கடல் கடக்கும் நம் காலத்தில் அவ்வேதனை பெரிதும் குறைந்துவிட்டது என்றும் ஆண்டுதோறும் ஒரு விளக்கம் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். 2023 டிசம்பருக்குப் பிறகு அந்த விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன். ஏன் நிறுத்தினேன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டை. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. வானம் தெளிந்த நாட்களில் மேற்கே கல்வராயன் மலைத்தொடர் நீலக்கோடாகத் தெரியும். உளுந்தூர்ப்பேட்டை அருகே இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. சிறுவயதில் நாங்கள் கண்டபோது அதில் விமானம் எதுவும் இறங்கியதில்லை, ஆடுமாடுகள்தாம் நடந்துகொண்டிருந்தன. விமானம் என்றால் அண்ணாந்து பார்க்கும் பொருள் என்றே வளர்ந்தோம். பின்னர் எங்கள் பகுதி இளைஞர்கள் பலர் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனார்கள். அவர்களை வழியனுப்பச் சென்னை வரை நானும் பலமுறை போயிருக்கிறேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று துஆச் செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

என் மகள் திருமணமாகிக் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் வாழ்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது நம் மரபு. அவள் வர இயலாத நிலையில் தாய்வீடே அவளிடம் போக வேண்டும் என்று என் மனைவி முடிவு செய்துவிட்டாள். பிரசவ லேகியம், கருப்பட்டி, பூண்டு, பிள்ளைக்குத் தைத்த பருத்திச் சட்டைகள் என்று ஒரு பெட்டி நிறைந்தது. எனக்கென்று இருந்த கடமை ஒன்றே. பிறக்கும் பிள்ளையின் வலச்செவியில் பாங்கும் இடச்செவியில் இகாமத்தும் சொல்ல வேண்டும். எங்கள் மஹல்லாவில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லியிருக்கிறேன். "நம்ம பிள்ளைக்கும் அத்தாதான் சொல்லணும்" என்று மகள் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். மருத்துவர் குறித்த நாளுக்கு நான்கு நாள் முன்னதாகப் போய்ச் சேரும்படி பயணச்சீட்டு எடுத்தோம். சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுக்கு நாலரை மணி நேரம்; அங்கே விமானம் மாறி மேலும் 14 மணி நேரம். கட்டணம் குறைவு என்பதால் அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். ஒரு நிறுவனத்தைத் தூற்றுவது என் நோக்கமன்று.

மஃரிப் தொழுதுவிட்டு வாடகைக் காரில் புறப்பட்டு, நள்ளிரவுக்குச் சற்று முன் சென்னை விமான நிலையம் சேர்ந்தோம். அங்கேயே முதல் சிக்கல் தொடங்கியது. கணவன் மனைவி இருவருக்கும் ஆறு வரிசை இடைவெளியில் இருக்கைகள் தந்திருந்தனர். அடுத்தடுத்து அமர வேண்டுமாயின் தனிக்கட்டணம் என்றார்கள். என் மனைவி சர்க்கரை நோயாளி, ஊசி போட்டுக்கொள்பவள், ஆங்கிலம் அறியாதவள். அதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். பின்னால் நீண்ட வரிசை நின்றது. சொல்லாமல் நகர்ந்துவிட்டேன்.

அதிகாலை மூன்றரை மணிக்கு விமானத்தில் ஏற்றினார்கள். நாலு மணிக்குப் புறப்பட வேண்டும். "சிறு தொழில்நுட்பக் கோளாறு, இன்னும் இருபது நிமிடம்" என்று ஓர் அறிவிப்பு வந்தது. இருபது நிமிடம் கழித்து அதே அறிவிப்பு அதே குரலில் வந்தது. அதன்பின் அதுவும் நின்றுவிட்டது. குளிர்காற்று வரவில்லை. குழந்தைகள் அழுதன. சுபுஹு வக்து வந்து கழியத் தொடங்கியது. எழுந்து நிற்க அனுமதியில்லை. கிப்லா எத்திசை என்று தெரியவில்லை. இருக்கையில் அமர்ந்தவாறே சைகையால் தொழுதேன். ஏழு மணிக்கு எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். இறங்கியதும் அத்தொழுகையை மீட்டித் தொழுதேன். பத்து மணிக்கு மீண்டும் ஏற்றினார்கள். இந்த ஆறு மணி நேரத்தில் நடந்தது என்ன, இனி நடக்கப்போவது என்ன என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு ஒவ்வோர் ஊழியர் ஒவ்வொன்று சொன்னார். அந்த ஊழியர்களிடமும் எவரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பதை அவர்களுடைய முகத்தைப் பார்த்தே அறிய முடிந்தது.

வளைகுடா நகரில் இறங்கியபோது டொராண்டோ விமானம் போய்ப் பல மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த விமானம் மறுநாள் காலையில்தான். ஏறத்தாழ இருபது மணி நேரம் அந்தக் கூடத்தில் இருக்க வேண்டும். பளிங்குத் தரையும் பொற்கடைகளும் வாசனைத் திரவிய அங்காடிகளும் நிறைந்த கூடம். ஆனால் கால் நீட்டிப் படுக்க ஓரிடம் இல்லை. இருக்கைகளுக்கு நடுவே இரும்புக் கைப்பிடி வைத்து, எவரும் படுத்துவிடாதபடி செய்திருந்தார்கள். எங்கள் நிறுவனத்தின் கவுண்டரில் ஒரு பெயர்ப்பலகை மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஆள் இல்லை.

அங்கேதான் அந்தப் பிள்ளையைக் கண்டேன். தியாகதுருகம் பக்கத்துக் கிராமம் என்றான். இருபத்திரண்டு வயதிருக்கும். முதல்முறையாக வெளிநாடு போகிறான். ரியாத் நகரில் கட்டட வேலை. அவனுடைய விமானமும் போய்விட்டது. தன்னை அழைத்துப்போக வருகிறவர் காத்திருந்துவிட்டுப் போய்விட்டால் எங்கே போவது, வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம் என்னாவது என்று கண் கலங்கி நின்றான். என் தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு, "பாய், உங்களுக்கு அரபி தெரியும்தானே? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றான்.

அரபி தெரியும் என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை. வேலூரில் ஏழாண்டு ஓதியவன். இலக்கணமும் சட்டமும் கற்பிப்பவன். கவுண்டருக்கு ஒரு பெண் ஊழியர் வந்ததும் அவனை அழைத்துக்கொண்டு போய், பிழையற்ற அரபியில் முறையிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தமக்கு அரபி தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். நம் துணைக்கண்டத்துப் பெண்; அவரும் கூலிக்கு வந்தவர்தான். அவருடைய கணிப்பொறி காட்டியதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை. அரபு மண்ணில் அரபி செல்லாத காசாகிவிட்டதே என்று நாணத்தோடு நின்றேன்.

அவ்வமயம், வெண்ணிற நீளங்கி அணிந்த அதிகாரி ஒருவர் அவ்வழியே வந்தார். அந்நாட்டவர். என் அரபியைக் கேட்டு நின்று புன்னகைத்தார். "உஸ்தாத், நீங்கள் பேசுவது ஜும்ஆ குத்பா போல் இருக்கிறது" என்றார். நகைப்பில் இழிவு இல்லை, பரிவு இருந்தது. எனக்குத் துணிவு வந்தது. பேச்சு அரபி எனக்கு வராது. ஆகவே எனக்குத் தெரிந்த கிதாபின் மொழியிலேயே வழக்கை எடுத்துரைத்தேன்.

அந்த வழக்கு என்ன என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தது. ஆயினும் நான் ஓதிய மதரஸாவில் ஷாஃபிஈ நூல்களையும் ஓதினோம். அவற்றுள் ஒன்று, ஹிஜ்ரி 676-இல், அதாவது கி.பி. 1277-இல், மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜுத் தாலிபீன்'. அதில் 'இஜாரா' எனப்படும் கூலி ஒப்பந்தப் பகுதியில், பயணத்துக்கு வாகனம் அமர்த்துவது பற்றிய சட்டங்கள் வருகின்றன. ஒப்பந்தம் இரு வகைப்படும். "இந்த ஒட்டகத்தை எனக்கு வாடகைக்குத் தா" என்று ஒரு குறிப்பிட்ட பிராணியைச் சுட்டிப் பேசுவது ஒரு வகை. "என்னை இன்ன ஊரில் சேர்ப்பது உன் பொறுப்பு" என்று பேசுவது மற்றொரு வகை. முதல் வகையில் அந்த ஒட்டகம் செத்துவிட்டால் எஞ்சிய பயணத்துக்கான ஒப்பந்தம் முறிந்துவிடும். இரண்டாம் வகையில் முறியாது. வாகனக்காரர் வேறொரு ஒட்டகம் கொண்டுவந்து பயணத்தை முடித்துத் தர வேண்டும். அந்த மாற்றீட்டுக்கு 'இப்தால்' என்று பெயர். அதோடும் முடிவதில்லை. இரண்டாம் வகையில் வாகனக்காரர் பயணியோடு கூடவே போக வேண்டும். பயணி ஏறவும் இறங்கவும் தேவைக்கேற்ப உதவ வேண்டும். சுமையை ஏற்றி இறக்க வேண்டும். பெண்களுக்கும் நலிந்தவர்களுக்கும் ஒட்டகத்தை மண்டியிடச் செய்ய வேண்டும் என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். வழியில் உண்பதற்காக ஏற்றிய உணவு உண்டு தீர்ந்துவிட்டால், அதன் இடத்தில் வேறு உணவு ஏற்றிக்கொள்ளப் பயணிக்கு உரிமை உண்டா என்பதைக்கூட அவர்கள் ஆராய்ந்து முடிவு கூறியிருக்கிறார்கள்.

ஓதிய காலத்தில் இப்பகுதி எங்களுக்குச் சலிப்பூட்டியது. இனி எவர் ஒட்டகம் வாடகைக்கு எடுக்கப் போகிறார் என்று நண்பர்கள் கேலி பேசினோம். ஆசிரியனான பிறகு நானும் அதை விரைந்து நடத்தி முடித்துவிடுவேன். அன்று அந்தப் பளிங்குக் கூடத்தில்தான் அந்தச் சொற்கள் எனக்குக் கை கொடுத்தன. "இந்தப் பிள்ளை வாடகைக்குப் பிடித்தது ஒரு விமானத்தை அன்று, ரியாத் சேர்வதை. வாகனம் பழுதானால் இப்தால் கடமை. வழியில் விட்டுவிட்டுப் போவது ஒப்பந்தத்தில் இல்லை" என்றேன். அதிகாரி என்னைச் சிறிது நேரம் பார்த்தார். "என் பாட்டனார் ஒட்டகம் வாடகைக்கு விட்டவர். ஒருவரை வழியில் விட்டு வந்திருந்தால் அவர் அந்தக் கிணற்றங்கரைக்கு மறுபடி போயிருக்க முடியாது" என்றார். பிறகு கவுண்டருக்குள் சென்று கணிப்பொறி முன் அமர்ந்தார். அரைமணி நேரத்தில் அப்பிள்ளைக்கு விடியற்கால விமானத்தில் இடமும் உணவுச்சீட்டும் கிடைத்தன. ரியாதில் காத்திருந்தவருக்கு அதிகாரியே தொலைபேசியில் பேசினார். பிள்ளை என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்கு ஏதேனும் வேண்டுமா, உஸ்தாத்?" என்று அவ்வதிகாரி போகும்போது கேட்டார். "அல்ஹம்துலில்லாஹ், நாங்கள் நலம்" என்று விடையளித்தேன்.

திரும்பி வந்தபோது என் மனைவி காலணிகளைக் கழற்றிவிட்டு அமர்ந்திருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஊசி போட்டுக்கொள்ளும் நேரம் கடந்திருந்தது. உணவு உறுதியில்லாமல் ஊசி போட அஞ்சினாள். நடந்ததை நான் பெருமையோடு சொன்னேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் பையனுக்காகக் கேட்டீங்க. நல்லதுதான். எனக்காக ஏங்க கேட்கலை?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் இன்றும் அது என்னை விட்டுப் போகவில்லை. கையிலிருந்த டாலர்களை மாற்றி ரொட்டியும் பாலும் வாங்கி வந்தேன்.

இரவு இரண்டு மணிக்கு மருமகனிடமிருந்து செய்தி வந்தது. மருத்துவர் குறித்த நாளுக்கு முன்னதாகவே வலி கண்டு, பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் சேயும் நலம். விமானம் நேரத்துக்குப் புறப்பட்டிருந்தால் அப்பொழுது நாங்கள் மருத்துவமனையில் இருந்திருப்போம். மனைவி இரு கைகளையும் ஏந்தி அழுதாள். மருமகன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மாமா, நீங்க வர்ற வரைக்கும் பாங்கு சொல்லாம இருக்கட்டுமா?" தாமதிக்க வேண்டாம், நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் கணிப்பொறித் துறையினர். பாங்கு சொல்லிப் பழகியவர் அல்லர். கைபேசியை அருகில் வைத்துக்கொண்டே சொன்னார். இரண்டு இடங்களில் தடுமாறினார். நான் இங்கிருந்து எடுத்துக் கொடுத்தேன். விமான நிலையத்து ஒலிபெருக்கி இடையிடையே எவரெவரையோ அழைத்துக்கொண்டிருந்தது.

அந்த இரவில் என் பாட்டனார் நினைவு வந்தது. 1960-களில் பம்பாயிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனவர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக் கடல் கடந்ததை எங்களுக்குக் கதையாகச் சொல்வார். உணவு மோசம், நீர் அளவாக, நெருக்கம் மிகுதி என்பார். ஆனால், பயணிகளுள் ஒருவரை அமீராக வைத்திருந்தார்கள். கப்பல் எங்கே இருக்கிறது, எத்தனை நாளில் சேரும் என்று நாள்தோறும் அவர் கேட்டு வந்து சொல்வார் என்றும் சேர்த்துச் சொல்வார். இந்தியாவிலிருந்து ஹஜ்ஜுக்குக் கப்பல் போவது 1995-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கப்பல் பயணம் எல்லாம் இனிமையாக இருந்தது என்று எவரும் எண்ண வேண்டா. 1880-ஆம் ஆண்டு ஜூலையில், பினாங்குத் துறைமுகத்திலிருந்து 'ஜித்தா' என்னும் கப்பல் ஏறத்தாழ 950 ஹஜ் பயணிகளோடு புறப்பட்டது. நடுக்கடலில் கப்பலுக்குள் நீர் புகுந்தது. ஆகஸ்டு மாதத்தில், கப்பல் தலைவரும் வெள்ளை அதிகாரிகளும் பயணிகளைக் கைவிட்டு உயிர்காப்புப் படகில் தப்பினர். வேறொரு கப்பலால் காப்பாற்றப்பட்டு ஏடன் சேர்ந்து, பயணிகளோடு கப்பல் மூழ்கிவிட்டது என்று அறிவித்தனர். அடுத்த நாளே அதே 'ஜித்தா' கப்பலை மற்றொரு கப்பல் ஏடனுக்கு இழுத்து வந்தது. பயணிகள் உயிரோடு இருந்தனர். தலைவரின் உரிமம் மூன்றாண்டு நிறுத்தி வைக்கப்பட்டது. ஜோசப் கான்ராடு 1900-இல் வெளியிட்ட 'லார்டு ஜிம்' என்ற புகழ்பெற்ற ஆங்கில நாவலுக்கு இந்நிகழ்ச்சியே வித்து.

இருபது மணி நேரம் ஒரு கூடத்தில் அமர்ந்திருந்ததை அந்தக் கொடுமையோடு ஒப்பிடுவது மிகை. ஆயினும் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று எண்ணுகிறேன். பயணிகளின் நெருக்கமும் பசியும் பொறுக்கக்கூடியவை. வாகனக்காரர் பயணியை விட்டு அகன்றுவிடுவதும், உண்மை நிலையைச் சொல்லாது விடுவதுமே பொறுக்க முடியாதவை.

மறுநாள் பறந்த 14 மணி நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எகானமி வகுப்பு என்பது 1958-இல் அட்லாண்டிக் கடல் கடக்கும் வழித்தடத்தில் தொடங்கியது. அதுவரை செல்வர்க்கே உரியதாயிருந்த ஆகாயம் அதனால்தான் எளியவர்க்கும் திறந்தது. ஒரு மதரஸா ஆசிரியன் பேத்தியைக் காணக் கனடா போக முடிகிறதென்றால் அது அந்த வகுப்பு செய்த நன்மை. அதை மறுப்பது நன்றி மறப்பது. ஆனால் கட்டணம் குறையக் குறைய இடமும் குறைந்துவந்தது. 1970-களில் முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் இடையிலான அளவு 34 அங்குல அளவில் இருந்தது. இன்று பல விமானங்களில் அது 31, 30 என்று சுருங்கியிருக்கிறது. போயிங் 777 வகை விமானத்தில் முன்னர் ஒரு வரிசைக்கு 9 பேர் அமர்ந்தனர். இப்போது பல நிறுவனங்கள் அதே அகலத்தில் 10 பேரை அமர்த்துகின்றன. நாங்கள் அமர்ந்ததும் அத்தகையதே.

உடலுக்கு நேர்வது வெறும் நெருக்கம் மட்டுமன்று. விமானத்தின் உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருக்கும் அளவுக்கே வைத்திருக்கிறார்கள். உதகமண்டலம் ஏறத்தாழ 7,350 அடி. ஆக, உதகையில் அசையாமல் 14 மணி நேரம் முழங்காலை மடக்கி அமர்ந்திருப்பதற்கு அது ஒப்பாகும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு இருபதுக்கும் கீழே போய்விடுவதால் தொண்டையும் கண்ணும் வறளும். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கால் நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் தெரிவித்தது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்கே அது நேர்கிறது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இடையிடையே எழுந்து நடப்பதும், கணுக்காலை அசைப்பதும், நீர் பருகுவதும் நன்று. இவற்றை நான் ஊர் திரும்பிய பின்னரே படித்தறிந்தேன்.

அன்று என் மனைவிக்கு ஜன்னலோர இருக்கை. எனக்கு நடு வரிசையில். பக்கத்திலிருந்த இளம்பெண் ஒருத்தி, கேட்காமலேயே தன் இடத்தை எனக்குத் தந்துவிட்டு நடு வரிசைக்குப் போனாள். என் மனைவியின் இருக்கை சாயவில்லை. எதிரே இருந்த திரை இயங்கவில்லை. நாங்கள் முன்கூட்டிக் குறித்திருந்த சர்க்கரை நோயாளருக்கான உணவு ஏற்றப்படவே இல்லை. விமானப் பணிப்பெண்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஆள் போதாது என்பது வெளிப்படை. அவர்களுள் ஒருத்தி, தனக்கென வைத்திருந்த ரொட்டியையும் வேகவைத்த காய்கறியையும் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, தோளைத் தொட்டுச் சிரித்துவிட்டுப் போனாள். நிறுவனம் மறந்த கடமையை அதன் கூலியாள் தன் பங்கிலிருந்து நிறைவேற்றினாள். அவளுக்காக நாங்கள் இன்றும் துஆச் செய்கிறோம்.

டொராண்டோவில் இறங்கினோம். பெட்டி வரவில்லை. நான்கு நாள் கழித்து வந்தது. அதற்குள் லேகியம் கொடுக்க வேண்டிய முதல் நாட்கள் கழிந்திருந்தன. பேத்தியைக் கையில் வாங்கியபோது பயணத்தின் வலி பறந்துவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாயிருக்கும். பறக்கவில்லை. என் மனைவி ஒரு வாரம் கால் வீக்கத்தோடு இருந்தாள். பிள்ளைக்குப் பணிவிடை செய்யப் போனவளுக்கு மகளே படுத்த படுக்கையிலிருந்து ஆறுதல் சொன்னாள்.

நிறுவனத்துக்கு நான் எதுவும் எழுதவில்லை. அல்லாஹ் நாடியது நடந்தது, ஸப்ரு செய்வோம் என்று இருந்துவிட்டேன். ஊர் திரும்பிய பிறகு, 2025 ஜனவரியில், என்னிடம் ஓதிப் பின்னர் சட்டம் படித்த மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "ஹஜ்ரத், எப்போது நடந்தது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

கனடா நாட்டில் 2019-இல் விமானப் பயணியர் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அந்நாட்டுக்கு வருகிற, அந்நாட்டிலிருந்து புறப்படுகிற பயணங்களுக்கு, இடையில் விமானம் மாறினாலும், அவ்விதிகள் பொருந்தும். நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் உள்ள காரணத்தால் 9 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பெரிய நிறுவனம் ஒவ்வொருவருக்கும் 1,000 கனடா டாலர் தர வேண்டும். பாதுகாப்புக்குரிய கோளாறு என்றால் அத்தொகை இல்லை. ஆனால் உணவும், இரவுத் தங்கலும், வேறு விமானத்தில் இடமும் தந்தாக வேண்டும். புறப்படும் நேரம் உறுதியாகும் வரை 30 நிமிடத்துக்கு ஒருமுறை நிலைமையை அறிவிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இழப்பீடு கேட்க ஓராண்டு தவணை. எனக்கு அந்த ஓராண்டு கழிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

வேறு வழி இல்லாமல் இல்லை. பன்னாட்டு விமானப் பயணத்துக்கான 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் இணைந்தது. தாமதத்தால் நேர்ந்த இழப்புக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்பதும், ஈராண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம் என்பதும் அதன் விதிகள். பெட்டி சேதமடைந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2005-ஆம் ஆண்டு முதல் 250 யூரோ தொடங்கி 600 யூரோ வரை இழப்பீடு தரும் சட்டம் இருக்கிறது. நம் நாட்டிலும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், தாமதத்தின்போது பயணியருக்கு உணவு முதலியன தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆனால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வழக்காட வேண்டுமாயின், நேர்ந்த இழப்பைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். ரொட்டிக்கும் பாலுக்கும் ரசீது இருக்கிறது. பேத்தியின் காதில் பாங்கு சொல்லக் கிடைக்காத நிமிடத்துக்கு எந்த ரசீதைக் காட்டுவேன்? விட்டுவிட்டேன்.

மாணவர் போன பிறகு, அலமாரியிலிருந்து 'மின்ஹாஜ்' நூலை எடுத்து அந்தப் பகுதியை மறுபடி படித்தேன். வாகனக்காரர் மாற்று வாகனம் தர வேண்டும்; கூடவே இருக்க வேண்டும்; நலிந்தவர்க்கு உதவ வேண்டும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இம்மூன்றையும்தான் இக்காலச் சட்டங்களும் வேறு சொற்களில் சொல்கின்றன. நான் அதைப் பிறருக்குக் கற்பித்தேன். ஒரு வழிப்போக்கனுக்காக வாதாடவும் செய்தேன். என் வீட்டுக்காரிக்காக வாய் திறக்கவில்லை. தனக்கென்று கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணினேன். அவள் பசியையும் அவள் கால் வலியையும் என் மரியாதையின் கணக்கில் சேர்த்துவிட்டேன். அதற்கு ஸப்ரு என்று பெயர் சூட்டினேன்.

ஸப்ரு என்பது நேர்ந்த துன்பத்தில் மனம் தளராமல், தீய சொல் பேசாமல் உறுதியாக நிற்பது. ஒப்பந்தத்தை மீறியவரிடம் ஒப்பந்தத்தை நினைவூட்டுவதை அது தடுக்கவில்லை. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது இறைமறையின் கட்டளை. அக்கட்டளை நிறைவேற நாம் கேட்டாக வேண்டிய இடத்தில் கேட்காதிருப்பதால், அடுத்து வரும் பயணிக்கும் நாம் தீங்கு செய்கிறோம். ஆங்கிலமும் அரபியும் சட்டமும் அறியாத எத்தனையோ பேர் அந்தக் கூடங்களில் இரும்புக் கைப்பிடிகளுக்கிடையே ஒடுங்கி அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வெளிநாடு போகும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இப்பொழுது நான் சில செய்திகளைச் சொல்லி அனுப்புகிறேன். பயணச்சீட்டையும் போர்டிங் பாஸையும் ஊர் சேர்ந்த பின்னும் எறிந்துவிடாதீர்கள். தாமதத்தின் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். மருந்தையும் ஒருவேளை உணவையும் கைப்பையில் வையுங்கள். பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே முறையீட்டுத் தாள் பெறுங்கள். ஊழியரிடம் கடிந்து பேசாதீர்கள், அவரும் கூலியாளே. உடன் வருகிறவர் நோயாளியாயிருந்தால், முதல் கவுண்டரிலேயே அதைச் சொல்லுங்கள். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சொல்லுங்கள்.

தியாகதுருகத்துப் பிள்ளை ஈராண்டு வேலை முடிந்து விடுப்பில் வந்தபோது, வழி கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்றை என் மனைவியிடம் கொடுத்தான். "பாய்தான் அன்னைக்கு எனக்காகப் பேசினார், அம்மா" என்றான். "ஆமா தம்பி, நல்லாப் பேசுவார்" என்று அவள் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இவ்வாண்டு மாணவர்களுக்கு இஜாராப் பகுதியை நடத்த மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.